கப்பலில் போட்ட கணக்கு: சந்திரசேகருக்குக் கிடைத்த இரண்டு உதவித்தொகைகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது 1983 அக்டோபர் 19-ல். அன்றைக்கு அவருக்கு 73 வயது நிறைந்தது. அந்தப் பரிசோடு சேர்த்து எப்போதும் பேசப்படும், நட்சத்திரங்களின் முடிவு பற்றிய கணக்கை அவர் போட்டது 1930 ஆகஸ்டில், 19 வயதில், இங்கிலாந்துக்குப் போகிற கப்பலில். நடுவில் 53 ஆண்டுகள்.

இதை ஒரு மேதையின் கதையாகப் பலரும் சொல்லிவிட்டார்கள். நான் பணத்தின் வழியாகப் பார்க்க நினைக்கிறேன். அந்த இளைஞர் யார் காசில் படித்தார், அந்தக் காசு எப்படி வந்தது, எந்த நாளில் அது அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது?

எனக்கு இது சொந்த விஷயமும்தான். நான் ஆய்வு மாணவராக இருந்தபோது ஒருமுறை ஏழு மாதம் உதவித்தொகை வரவில்லை. கேட்டால் ‘ஃபைல் மேலே போயிருக்கிறது’ என்பார்கள். ஏழாவது மாதம் மெஸ் பாக்கியைக் கட்ட அக்கா தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள், அடகு வைத்தோம். பட்டினி கிடந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஏழு மாதத்தில் உருப்படியாக ஒரு பக்கம்கூட எழுதவில்லை. மனம் முழுக்க வங்கிக் கணக்கிலேயே இருந்தது. மாதம் தவறாமல் வரும் சிறிய தொகை ஒரு மூளைக்கு என்ன செய்யும் என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்துப் படிக்க ஆரம்பித்தேன்.

75 ரூபாய்

சந்திரசேகருக்கு முன்னால் ராமானுஜன் இருக்கிறார். அவரை விட்டுவிட்டுத் தொடங்க முடியாது.

1913 தொடக்கத்தில் ராமானுஜன் மெட்ராஸ் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தர். சம்பளம் மாதம் 30 ரூபாய். பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், பட்டம் கிடையாது. அந்தப் பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது ராமானுஜனின் நோட்டுப்புத்தகம் அவர் கைக்குப் போனது. வாக்கரும் கணிதக்காரர், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஃபெலோவாக, அதாவது கல்லூரி பணம் கொடுத்து வைத்துக்கொள்ளும் ஆய்வாளராக இருந்தவர். இந்த எழுத்தரைச் சில ஆண்டுகளாவது பிழைப்புக் கவலை இல்லாமல் கணிதத்திலேயே விட வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்.

கணிதப் பாடக்குழு மாதம் 75 ரூபாய் தரலாம் என்றது. பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டில் விதி குறுக்கே வந்தது: ஆய்வு உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். அங்கே இருந்த நீதிபதி சுந்தரம் ஐயர், பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்த சட்டத்தின் முகவுரையைக் காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பதும் இந்தப் பல்கலைக்கழகத்தின் வேலை என்று அதிலேயே இருக்கிறதே என்பது அவர் வாதம். 1913 மே 1 முதல் இரண்டு ஆண்டுக்கு, மாதம் 75 ரூபாய் கிடைத்தது. பதிலுக்குக் கேட்டது மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். விதியைத் தூக்கி எறியாமல், விதியின் நோக்கத்தை எடுத்துக் காட்டி வழி திறந்த மனிதர் அவர். கோப்பைத் திருப்பி அனுப்புவதற்கு அன்றைக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. 1914 மார்ச்சில் கப்பல், 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி ஃபெலோஷிப். அந்தக் கல்லூரியில் இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஃபெலோஷிப் அது. 1920 ஏப்ரல் 26-ல் ராமானுஜன் இறந்தார். மெட்ராஸில் ஒரு வீட்டில் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த சந்திரசேகரின் அம்மா சீதாலட்சுமி, பத்து வயது நிறையாத தன் மகனிடம் சொன்னார். பல பத்தாண்டுகள் கழித்தும் சந்திரசேகர் அந்த நாளை நினைவு வைத்திருந்து பேசினார்.

மெட்ராஸிலிருந்து கேம்பிரிட்ஜ்

சந்திரசேகருடைய வீட்டு நிலைமை வேறு. அப்பா சி.எஸ். ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரி. சித்தப்பா சி.வி. ராமன். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. கவலை வேறு விதமானது: மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்று அப்பா விரும்பினார். மகனுக்கு ராமானுஜன் மாதிரி கணிதம் படிக்க ஆசை. சரி, இயற்பியல் என்று ஒத்துப்போனார்கள். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸில் சேர்ந்துகொண்டு கணித வகுப்புகளுக்கும் போனார்.

1928-ல் ஜெர்மனியின் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் மெட்ராஸ் வந்தார். அவருடைய புத்தகத்தைத் தானாகவே படித்து முடித்திருந்த சந்திரசேகர் அவர் தங்கிய ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். அந்தப் புத்தகத்தில் இருக்கும் இயற்பியல் பழசாகிவிட்டது, ஹைசன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் டிராக்கும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்று சோமர்ஃபெல்ட் சொன்னார். பையன் முகம் வாடியதைப் பார்த்தாரோ என்னவோ, உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதியிருந்த, இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்தார்.

அதைப் படித்து, சில மாதங்களில் சொந்தமாக ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலாளர் ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். ஃபௌலர் வழியாக அது 1929-ல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. ஒரு கல்லூரி மாணவனுக்குக் கேம்பிரிட்ஜில் ஆள் கிடைத்தது இப்படித்தான்.

1930-ல் கல்லூரி முதல்வர் ஃபைசன் அவரை அழைத்து, இங்கிலாந்தில் படிக்க இந்திய அரசின் உதவித்தொகை கிடைக்கப்போகிறது என்றார். மூன்று ஆண்டுக்கான பணம். ஆனால் வீட்டில் அம்மா படுத்த படுக்கை. போனால் திரும்பப் பார்க்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. போகச் சொன்னது அம்மாதான். 1930 ஜூலை 31-ல் பம்பாயிலிருந்து ‘பில்ஸ்னா’ என்ற இத்தாலியக் கப்பலில் புறப்பட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் அம்மா இறந்தார்.

அந்தக் கப்பலில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெண் குறுமீன் என்பது எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரம். சூரியனின் எடையை ஏறக்குறைய பூமி அளவு உருண்டைக்குள் திணித்தது போல இருக்கும். ஏன் அது இன்னும் நொறுங்கவில்லை என்பதற்கு 1926-ல் ஃபௌலர் காரணம் சொல்லியிருந்தார்: ஓர் அளவுக்கு மேல் நெருக்கினால் எலக்ட்ரான்கள் இடம் விட மறுக்கின்றன, அந்த எதிர்ப்பு நட்சத்திரத்தைத் தாங்குகிறது. ஆக எந்த நட்சத்திரமும் கடைசியில் அமைதியாக அடங்கிவிடும் என்று வானியலாளர்கள் நிம்மதியானார்கள்.

சந்திரசேகர் ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவு நெருக்கத்தில் அந்த எலக்ட்ரான்கள் எவ்வளவு வேகமாக ஓடும்? கணக்குப் போட்டால் நட்சத்திரத்தின் நடுவில் அது ஒளியின் வேகத்தை நெருங்கியது. அப்படியென்றால் ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்த்தாக வேண்டும். ஃபௌலர் சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்த்ததும் எதிர்ப்பின் வலு குறைந்தது: முன்பு அடர்த்தியின் 5/3 அடுக்காக ஏறிய அழுத்தம் இப்போது 4/3 அடுக்காகத்தான் ஏறியது. சின்ன மாற்றம் போலத்தான் தெரியும். ஆனால் விளைவு, ஓர் எடைக்கு மேல் எந்த அளவுக்குச் சுருங்கினாலும் நட்சத்திரம் நிற்காது. நட்சத்திரங்களின் உட்பொருள் பற்றி அன்று இருந்த கருத்தின்படி அவர் முதலில் வெளியிட்ட எல்லை சூரிய எடையில் 0.91 மடங்கு. உட்பொருள் பற்றிய அறிவு சரியான பிறகு அதே சூத்திரம் 1.44 என்றது. இன்று சந்திரசேகர் எல்லை என்று பாடத்தில் இருப்பது இதுதான்.

இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி அவருக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. உதவித்தொகை கிடைத்தபோது இந்தக் கேள்வியே இல்லை.

கேம்பிரிட்ஜில் வரவேற்பு சுமார்தான். எல்லை எடை பற்றிய கட்டுரையை ஃபௌலரிடம் கொடுத்தார். அவருக்கு அதில் தெளிவு இல்லை, மில்ன் என்ற வானியலாளரின் கருத்துக்கு அனுப்பினார். மாதங்கள் போயின. சந்திரசேகர் அதை அமெரிக்காவின் வானியற்பியல் இதழுக்குத் தானே அனுப்பினார், 1931-ல் வெளிவந்தது. இன்று ஓர் ஆய்வு மாணவர் கைடின் சம்மதத்துக்குக் காத்திராமல் இப்படி அனுப்பினால் என்ன நடக்கும் என்று படிக்கிறவர்களுக்கே தெரியும்.

மூன்றாம் ஆண்டு, டிராக் சொன்னபடி, கோபன்ஹேகனில் இயற்பியலாளர் நீல்ஸ் போர் நடத்திய ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் பாடுபட்டு எழுதிய கட்டுரையில் பிழை இருப்பதை டிராக்கே கண்டுபிடித்துச் சொன்னார். திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மாதக்கணக்கான உழைப்பு வீண். பிறகு வேறு தலைப்பை எடுத்து, சுழலும் வாயுக்கோளங்கள் பற்றி எழுதி, 1933-ல் பி.எச்டி. முடித்தார்.

அந்த மூன்று ஆண்டு முடியும்போது ஓர் அதிகாரி அறிக்கை கேட்டிருந்தால் என்ன இருந்திருக்கும்? யாரும் பெரிதாகப் படிக்காத ஒரு கட்டுரை. திரும்பப் பெற்ற ஒன்று. ஒழுங்கான, ஆனால் பரபரப்பில்லாத ஓர் ஆய்வேடு. நான் இந்த நிகழ்வை எடுத்ததற்கு முக்கியக் காரணமே இதுதான். பணம் நன்றாகச் செலவானதா என்று 1933-ல் கேட்டால், சரியான பதில் யாருக்கும் தெரிந்திருக்காது.

பணம் தீர்ந்தது, ஊர் திரும்ப வேண்டும் என்று அப்பா எழுதினார். சந்திரசேகர் டிரினிட்டி கல்லூரியின் பரிசு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்திருந்தார். கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் மில்னோடு கொஞ்ச காலம் இருக்கலாம் என்று மூட்டை கட்டி, டாக்ஸியில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பெயர்ப் பட்டியலைப் பார்க்க டிரினிட்டியில் இறங்கினார். பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ராமானுஜனுக்குப் பிறகு அந்த ஃபெலோஷிப்பைப் பெற்ற இரண்டாவது இந்தியர். 1933 முதல் 1937 வரை நான்கு ஆண்டுகள்: தங்க அறை, ஃபெலோக்களின் மேசையில் சாப்பாடு, கையில் பணம். எதை ஆராய்வது என்று சொல்ல ஆள் இல்லை.

1935 ஜனவரி 11

டிரினிட்டியில் இடம் கிடைத்ததும் பழைய கணக்கை மறுபடி எடுத்தார். 1934 கோடையில் ரஷ்யா போனபோது அங்கிருந்த வானியற்பியலாளர் அம்பர்ட்சூமியன், குறுக்குவழி இல்லாமல் பத்து மாதிரி நட்சத்திரங்களுக்கு முழுக் கணக்கும் போட்டுக் காட்டு, அப்போதுதான் நம்புவார்கள் என்று சொல்லியிருந்தார். கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அதைச் செய்தார். அந்த நாட்களில் அவர் அறைக்கு அடிக்கடி வந்து, எவ்வளவு தூரம் முடிந்தது என்று விசாரித்தவர் ஆர்தர் எடிங்டன். அன்றைய வானியற்பியலில் அவரை மிஞ்சிய பெயர் கிடையாது. நட்சத்திரங்களின் உட்புறம் பற்றி எடிங்டன் எழுதிய புத்தகத்தை மெட்ராஸில் ஒரு போட்டியில் பரிசாக வாங்கியவர் சந்திரசேகர்.

லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் பேசி முடித்தார். அடுத்துப் பேசுவது எடிங்டன் என்பது முந்தைய நாள் நிகழ்ச்சி நிரல் வந்தபோதுதான் தெரியும்; என்ன பேசப்போகிறார் என்று அப்போதும் தெரியாது. எடிங்டன் எழுந்து, சார்பியல் சேர்த்த இந்தக் கணக்கின் அடிப்படையே தப்பு என்றார். ஒரு நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார். அரங்கம் சிரித்தது. கூட்டம் முடிந்து பலர் வந்து சந்திரசேகருக்கு ஆறுதல் சொன்னார்கள். அவர் சொன்னது சரியாக இருக்கலாம் என்று சொன்னவர் இல்லை.

அவருக்கு அப்போது வயது 24.

கோபன்ஹேகனில் இருந்த நண்பர் ரோசன்ஃபெல்டுக்கு எழுதினார். நீல்ஸ் போரும் இயற்பியலாளர் பாவுலியும் எடிங்டன் சொன்னதில் அர்த்தமில்லை என்றே நினைத்தார்கள். ஆனால் வெளிப்படையாகச் சொல்ல முன்வரவில்லை. 1942-ல் டிராக், பையர்ல்ஸ், பிரைஸ் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் சேர்ந்து எடிங்டனை மறுத்து எழுதினார்கள். ஏழு ஆண்டு கழித்து.

இந்த நிகழ்வின் மையம் எனக்கு இங்கேதான் இருக்கிறது. ஜனவரி 12-ம் தேதி காலையில் சந்திரசேகர் கையில் என்ன இருந்தது? டிரினிட்டியில் இன்னும் இரண்டரை ஆண்டுக்கு மேல் இடம் இருந்தது. எடிங்டனும் அதே கல்லூரியின் ஃபெலோ. சாப்பாட்டு அரங்கில் அவரைப் பார்த்தாக வேண்டும். ஆனால் எடிங்டன் நினைத்தாலும் அந்த அறையையும் பணத்தையும் பறிக்க முடியாது. கல்லூரி கொடுத்தது ஆளுக்கு. வெண் குறுமீன் ஆராய்ச்சிக்கு என்று ஒரு திட்டத்தின் பெயரில் கொடுத்திருந்தால், ‘திட்டத்தின் அடிப்படையே தவறு’ என்று துறையின் முதல் மனிதர் சொன்ன மறுநாள் அது நின்றிருக்கும்.

சந்திரசேகர் பின்வாங்கவில்லை, சண்டை பிடித்துக்கொண்டும் இருக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. 1936 தொடக்கத்தில் ஹார்வர்டில் சொற்பொழிவாற்றினார். 1937 ஜனவரியில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் சேர்ந்து, 1995-ல் இறக்கும்வரை அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இருந்தார். 1939-ல் நட்சத்திர அமைப்பு பற்றிய நூலை முடித்து, அந்த எல்லையையும் அதில் எழுதிவைத்துவிட்டு, வேறு துறைக்குப் போய்விட்டார். எடிங்டன் மீது கடைசிவரை மரியாதை குறையவில்லை. 1967-ல், நொறுங்கிச் சுருங்கிய நட்சத்திரங்களான துடிப்பு விண்மீன்கள் (பல்சார்கள்) கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் கருந்துளைக்கும் சான்று வந்த பிறகு, 19 வயதுப் பையனின் கணக்கு எதைச் சொல்லிக்கொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 1983-ல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் பெயரும் ஃபௌலர்தான், வில்லியம் ஃபௌலர். பழைய ரால்ஃப் ஃபௌலரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பணம் எதை வாங்கித் தந்தது

நோபல் வாங்கியவர்களின் பட்டியலைக் காட்டி ‘எங்கள் ஃபெலோ’ என்று நிறுவனங்கள் சொல்லிக்கொள்வதை நிறையப் பார்க்கிறோம். அந்தப் பெருமையில் தப்பில்லை. ஆனால் எதைக் கொடுத்தோம் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். திறமையை அவர்கள் தரவில்லை. கேம்பிரிட்ஜுக்குப் போவதற்கு முன்னாலேயே சந்திரசேகரிடம் அது இருந்தது. முதல் உதவித்தொகை தூரத்தைக் கடக்க வைத்தது, ஒரு கட்டுரை வீணானபோது இன்னொன்று எழுத அவகாசம் தந்தது. இரண்டாவது, எல்லோரும் சிரித்த பிறகும் தங்க ஓர் இடம் தந்தது. இரண்டும் தராத ஒன்றும் உண்டு: அரங்கில் எழுந்து நின்று ‘எடிங்டன் சொல்வது தவறு’ என்று சொல்ல ஒரு மூத்தவர். அது கிடைத்திருந்தால் வெண் குறுமீன்களை அவர் 1939-ல் விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டாரோ என்று தோன்றுகிறது.

யாருக்குக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். மாநிலக் கல்லூரியில் சந்திரசேகருக்கு ஓராண்டு பின்னால் அதே இயற்பியலைப் படித்த பெண் லலிதா துரைசாமி. பெங்களூரில் ராமனின் ஆய்வகத்திலும் வேலை செய்தார். 1936 செப்டம்பரில் இருவருக்கும் திருமணம், அதோடு அவருடைய இயற்பியல் நின்றது. அவருக்கு ஒரு ஃபெலோஷிப் கிடைத்திருந்தால் என்று யோசிக்காமல் என்னால் இந்தக் கதையைக் கடக்க முடிவதில்லை.

இன்று நம் நாட்டில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், அடுத்த கட்டத்தில் 42,000. தொகை ஏறியது நல்லது. ஆனால் ஆய்வு மாணவர்களோடு பேசினால் தொகையைவிடத் தேதியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறேன். இந்த மாதம் வருமா, அடுத்த மாதமா? அதோடு புரோகிரஸ் ரிப்போர்ட். ‘போன ஆறு மாதத்தில் என்ன கண்டுபிடித்தாய்’ என்ற பத்தியில் தோற்றுப்போன முயற்சியை எழுத யாருக்கும் தைரியம் வருவதில்லை. ராமானுஜனும் மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்தான். அதில் அவர் எழுதியது கணிதம்.

கடைசியாக ஒரு சம்பவம். 1936-ல் சந்திரசேகர் திருமணத்துக்கு மெட்ராஸ் வரும்போது, ராமானுஜனின் நல்ல புகைப்படம் ஒன்றாவது கிடைக்குமா என்று கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டி கேட்டிருந்தார். விசாரித்துக்கொண்டு போய், திருவல்லிக்கேணியில் மிக எளிமையாக வாழ்ந்துகொண்டிருந்த ஜானகி அம்மாளைக் கண்டுபிடித்தார். அவரிடம் இருந்தது ராமானுஜன் 1919-ல் ஊர் திரும்புவதற்காக எடுத்த பாஸ்போர்ட். அதில் ஒட்டியிருந்த படத்துக்குப் பிரதி எடுத்து ஹார்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பாடப்புத்தகங்களில் நம்மை நேராகப் பார்க்கும் அந்த முகம், டிரினிட்டியின் முதல் இந்திய ஃபெலோவின் படம், இரண்டாவது ஃபெலோ தேடி எடுத்துக் கொடுத்தது.